பதினாலாம் நம்பர் வீட்டில் பதினோரு பேர்

புதுச்சேரியின் வடக்கு ஓரத்தில் எல்லைக்கல் தெரு என்று ஒரு சின்னத் தெரு இருந்தது. தெற்கு வரிசை வீடுகள் புதுச்சேரியைச் சேர்ந்தவை. வடக்கு வரிசை வீடுகள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை. நாலு எட்டு வைத்தால் அடுத்த ராஜ்யத்துக் கோழியைப் பிடித்துவிடலாம்.

அது 1956ஆம் வருஷம். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் தெருமுனையில் கேட் போட்டு, போகிறவர் வருகிறவர் கூடையையெல்லாம் கிளறிப் பார்ப்பார்கள். இப்போது கேட் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

அந்த வருஷம் சித்திரையில் வாந்திபேதி வந்தது.

முதலில் படுத்தது பாலகுரு. மூன்று வயதுப் பையன், வடக்கு வரிசை. அவன் அம்மா செல்வாம்பாள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கிரியின் மாட்டு வண்டியில் ஏறினாள். பாலகுருவின் அக்கா கன்னியம்மாளும் ஏறினாள். கன்னியம்மாளின் கையைப் பிடித்தபடி எதிர்வீட்டுத் தனக்கொடியும் ஏறிக்கொண்டாள். இருவருக்கும் வயது பத்து.

டவுன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குமாஸ்தா பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, எல்லோரும் அவரை முசியே என்று கூப்பிடுவார்கள்.

"எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டார் முசியே.

செல்வாம்பாள் குனிந்தாள். "அந்தப் பக்கம்னு சொன்னா தொரத்திடுவாங்கடி" என்று கன்னியம்மாளின் காதில் சொன்னாள்.

அது தனக்கொடிக்கும் கேட்டது. சட்டென்று முன்னால் வந்தாள்.

"எல்லைக்கல் தெரு, தெக்கு வரிசை, பதினாலாம் நம்பர், முசியே. எங்க வீடுதான்."

முசியே எழுதிக்கொண்டார். பாலகுருவை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் அவன் செத்துப்போனான்.

அடுத்த நாள் வடக்கு வரிசையில் இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள். "பதினாலாம் நம்பருன்னு சொல்லுங்க, சேர்த்துக்குவாங்க" என்று ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"ஏ கொடி! உங்க வீட்டுல இன்னும் எத்தினி பேருக்கு எடமிருக்கு?" என்று பக்கிரி வண்டியிலிருந்து கேட்டார்.

"உங்க மாட்டையும் சேர்த்துக்கலாம், மாமா" என்றாள் தனக்கொடி.

அதற்குப் பிறகு செல்வாம்பாளே படுத்தாள். பக்கிரி கேலி பேசுவதை விட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் வடக்கு வரிசையிலிருந்து மொத்தம் பதினோரு பேர் பதினாலாம் நம்பரைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலு பேர் திரும்பவில்லை.

இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று சொல்கிறேன். இது காற்றில் வராது. கிருமி நோயாளியின் வயிற்றிலிருந்து வெளியேறுகிறது. அவருடைய துணியைக் கிணற்றடியில் துவைத்தால், அழுக்குத் தண்ணீர் தரை வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும். கிருமியும் கூடவே இறங்கும். கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும். ருசியும் மாறாது. அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எல்லைக்கல் தெருவின் தெற்கு வரிசையில் இரண்டு கிணறுகள். இரண்டும் உப்பு. குடிக்க எல்லோரும் வடக்கு வரிசைக் கிணற்றில்தான் இறைத்தார்கள்.

ஒரு காலையில் அரிகிருஷ்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் புதுச்சேரிப் பக்கத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர். பதினாலாம் நம்பர் வாசலில் நின்று வீட்டைப் பார்த்தார். கையிலிருந்த ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் வீட்டைப் பார்த்தார். ஒரே ஒரு அறை.

"இந்த வீட்டுல பதினோரு பேருக்கு வாந்திபேதியா? எங்கேம்மா படுத்தீங்க, அடுக்கி வெச்சா?"

தனக்கொடியின் அம்மா சொர்ணம் மீன் கூடையை இறக்கி வைத்தாள்.

"ரெண்டு கெணத்துலயும் மருந்து போட்டேன். அப்படியும் நிக்கல. சீக்கு இந்த வீட்டுலதான் இருக்கு. பூட்டி வெக்கப் போறேன்" என்றார் அவர்.

"அந்தப் பக்கத்துக் கெணத்துல போட்டாங்களா, ஐயா?" என்று கேட்டாள் தனக்கொடி.

"அது சென்னை ராஜ்யத்துக் கெணறு. நான் தொடக் கூடாது. அவங்க எதுக்குப் போடணும்? அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் சீக்கு இல்லியே!"

அந்தப் பக்கம் யாருக்கும் நோய் இல்லை என்று நோட்டில் இருந்தது. அப்படி எழுத வைத்தவள் தனக்கொடிதான்.

வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற கன்னியம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லாதடி. எங்கம்மா இன்னும் ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்கு. தூக்கி வெளிய போட்டுடுவாங்க."

"சொல்லலன்னா?"

கன்னியம்மாள் அழுதாள். எதிர் வரிசைக் கிணற்றடியில் யாரோ குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடம் இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கேயும் குழந்தைகள் இருந்தார்கள்.

"ஐயா, அந்தப் பதினோரு பேரும் எங்க வீடு இல்ல. அந்த வரிசை. நான்தான் எங்க வீட்டு நம்பரைச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் தனக்கொடி.

அரிகிருஷ்ணன் பட்டியலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "மேலே எழுதறேன். அவங்க கடலூர்ல இருக்கிற சென்னை ராஜ்யத்து ஜில்லா ஆபீசுக்கு எழுதுவாங்க. அங்கேருந்து அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு வரும். பத்து நாளாவது ஆகும்" என்றார்.

"அவரு எங்க இருக்காரு?"

"சவுக்குத் தோப்புல முகாம் போட்டிருக்காரு."

"நடந்தா கால் மணி நேரம், ஐயா! சீக்கு யாரைக் கேட்டுக்கிட்டு வந்துச்சு?"

அரிகிருஷ்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "வா, நடக்கலாம்" என்றார். கன்னியம்மாளும் பின்னால் வந்தாள்.

தோப்பில் இன்ஸ்பெக்டர் சக்கரபாணி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். எல்லைக்கல் தெரு, வடக்கு வரிசை: ஒருவரும் இல்லை.

"என்கிட்ட யாருமே வந்து சொல்லல. நான் எப்படி எழுதறது?" என்றார்.

தனக்கொடி பேசுவதற்குள் கன்னியம்மாள் மேஜைக்கு அருகில் போனாள்.

"எங்க தம்பிய எழுதிக்கோங்க. பாலகுரு. மூணு வயசு. வடக்கு வரிசை, கெணத்துக்குப் பக்கத்து வீடு. எங்கம்மாவையும் எழுதுங்க. செல்வாம்பாள். இன்னும் உயிரோட இருக்கு."

சக்கரபாணி பேனாவை எடுத்தார். அரிகிருஷ்ணன் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவர் எழுதினார். பதினோரு பெயர்கள் ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குப் போயின. தெரு எங்கே நோயுற்றிருந்தது என்று அப்போதுதான் காகிதத்தில் தெரிந்தது.

மத்தியானம் இரண்டு இன்ஸ்பெக்டர்களும் வடக்கு வரிசைக் கிணற்றடிக்கு வந்தார்கள். கயிறு விட்டு அகலத்தையும் ஆழத்தையும் அளந்தார்கள். தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால்தான் கிருமியைக் கொல்லும் பிளீச்சிங் தூள் எவ்வளவு என்று தெரியும். சக்கரபாணியிடம் தூள் போதவில்லை. அரிகிருஷ்ணனிடம் தடுப்பூசி போடும் ஆள் இல்லை. தூள் தெற்கிலிருந்து வந்தது. ஊசி வடக்கிலிருந்து வந்தது. வாளியில் தூளைக் கரைத்தார்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்தார்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கினார்கள். கிணற்றடித் தரையில் இருந்த வெடிப்பைச் சிமெண்டு பூசி அடைத்தார்கள்.

பிறகு அரிகிருஷ்ணன் இரண்டு சிறுமிகளையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கன்னியம்மாளின் கண் உள்ளே அம்மாவின் கட்டிலையே தேடியது.

முசியே விஷயத்தைக் கேட்டார். பதினாலு என்ற எண்ணைப் பதினோரு இடத்தில் அடித்தார்.

"அம்மாவ அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

"எதுக்கு அனுப்பணும்? சீக்கு எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தானே மருந்து போடலாம். அதுக்குத்தான் ஊரைக் கேட்டேன், குழந்தை. யாரையும் தொரத்தறதுக்கு இல்ல."

தனக்கொடி அவரையே பார்த்தாள். "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, முசியே!"

முசியே கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லியிருக்கணும்" என்றார். தனக்கொடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

மருந்து போட்ட மறுநாளும் மூன்று பேர் படுத்தார்கள். முன்பே குடித்த தண்ணீர் வயிற்றில் இருந்ததே! அதில் ஒருவர் பிழைக்கவில்லை. தனக்கொடி தினமும் காலையில் வாசலில் நின்று, பக்கிரியின் வண்டி கிளம்புகிறதா என்று பார்த்தாள். நாலாம் நாளும் கிளம்பியது.

ஒன்பதாம் நாள் அதே வண்டியில் செல்வாம்பாள் திரும்பி வந்தாள். கன்னியம்மாள் தாங்கி இறக்கினாள். செல்வாம்பாள் வீட்டுக்குள் போய், பாலகுரு தூங்கிய மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். தனக்கொடி காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள்.

அவள் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடு, கொடி" என்றாள்.

அன்று அந்தத் தெருவிலிருந்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.