முள்ளெலிக்கு மேலே ஒரு குழாய்

செரன் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லர் ஒருவழியாக நின்றுபோனது. அறைகளில் அதன் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்கள் எல்லாம் சில்லிட்டுவிட்டன. நவம்பர் குளிர். செரன் கோட்டைப் போட்டுக்கொண்டே ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டாள்.

காலையில் பாய்லர் மாட்ட டெலித் அக்கா வந்தார். பழையதைக் கழற்றி வேனில் ஏற்றினார். அதே இடத்தில், சமையலறைச் சுவரில், புதியதை மாட்டினார். வெள்ளையாக, சின்னதாக இருந்தது.

"இவ்ளோதானா? இது வீடு முழுக்க சூடாக்குமா?" என்றாள் செரன்.

"ஆளைப் பார்த்து எடை போடாத கண்ணு. பழசு பாதிச் சூட்டைப் புகையோட வெளிய விட்டுடும். இது கஞ்சப் பிசினாறி. புகையில இருக்கிற சூட்டையும் பிடுங்கிக்கும். அப்போ புகையில இருக்கிற நீராவி குளிர்ந்து தண்ணியாயிடும்."

"அந்தத் தண்ணி எங்க போகும்?"

"இந்தக் குழாய் வழியா, சொட்டுச் சொட்டா வெளிய." டெலித் அக்கா சுவரின் அடியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "இங்க ஓட்டை போடப் போறேன்."

துளைபோடும் கருவியைக் கையில் எடுத்தார்.

செரன் அந்த வட்டத்தைப் பார்த்தாள். அதற்கு நேர் அந்தப் பக்கம் தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள்.

"அக்கா, நிறுத்துங்க! அந்தப் பக்கம் முள்ளெலி தூங்குது!"

இருவரும் தோட்டத்துக்கு ஓடினார்கள். சுவரை ஒட்டி ஒரு பெரிய இலைக்குவியல்.

"அதுவே ஒவ்வொரு இலையா வாயில கவ்விட்டு வந்துச்சு. நான் பார்த்தேன்," என்று கிசுகிசுத்தாள் செரன்.

"மெதுவா அந்த ஓரமா தள்ளி வெச்சா?"

"கூடாது. குளிர்காலம் முழுக்க அது தூங்கணும். தொட்டா எழுந்துடும். இப்போ பூச்சி, புழு எதுவும் கிடைக்காது. பட்டினியிலயே செத்துடும்."

டெலித் அக்கா தலையைச் சொறிந்தார். "தண்ணியை வெளிய விடாம பாய்லரைப் போட முடியாது. பாய்லர் இல்லாம நீங்க ராத்திரி தூங்க முடியாது."

"தண்ணி வெளியதான் போகணுமா? வீட்டுக்குள்ளேயே எங்கயாவது போகக் கூடாதா?"

"பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ இருக்கிற அலமாரிக்குள்ள ஒரு கழிவுக்குழாய் இருக்கும். அதுல சேர்க்கறதுதான் நல்லதும்கூட. காலைல பார்க்கலாம்னு அந்த அலமாரியைத் திறந்தேன். உள்ள இருந்த பைங்க எல்லாம் என் மேல பாஞ்சுது. பயந்து மூடிட்டேன்."

இருவரும் சமையலறைக்குத் திரும்பினார்கள். அங்கே நின்ற அப்பாவைச் செரன் பார்த்தாள். கடைகளில் பைக்குக் காசு வாங்கத் தொடங்கியதிலிருந்து அப்பா ஒரு பையைக்கூட எறிந்ததில்லை. ஆனால் கடைக்குப் போகும்போது ஒன்றையாவது எடுத்துப்போனதும் இல்லை. ஒவ்வொரு முறையும் புதுப் பை.

"அடுக்கணும்னுதான் இருந்தேன்," என்றார் அப்பா.

"எப்போப்பா?"



செரன் அலமாரியைத் திறந்தாள். பைக்குள் பை, அந்தப் பைக்குள் இன்னொரு பை. வாரி வாரிப் போட்டாள். சமையலறைத் தரை மறைந்தது. அப்பா முழங்கால் வரை பைகளில் நின்றார்.

"ஒரு கடையே வைக்கலாம் போலிருக்கே!" என்றார் டெலித் அக்கா.

செரன் அவரிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு அலமாரிக்குள் தவழ்ந்தாள். கழிவுக்குழாய் தெரிந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய், மூடி போட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது என்ன? எதுலயும் சேராம சும்மா இருக்கு."

டெலித் அக்காவும் தலையை உள்ளே நுழைத்தார். "அட! சார், இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"துணி துவைக்கிற மெஷின். கொட்டகைக்கு மாத்திட்டோம்," என்றார் அப்பா.

"அப்போ இது அதோட தண்ணி போன வழி! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"மறந்துட்டேன். பை மறைச்சிடுச்சு."

புதிய குழாய் பாய்லரிலிருந்து சுவரோரமாகச் சாய்வாக இறங்கியது. அலமாரிக்குள் நுழைந்து அந்த மூடி இருந்த இடத்தில் சேர்ந்தது. சுவரில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. புகைக்குழாய் மேலே, பழைய துளையிலேயே உட்கார்ந்துகொண்டது.

டெலித் அக்கா பொத்தானை அமுக்கினார். சத்தமே இல்லை.

"ஓடுதா?" என்றாள் செரன்.

"ரேடியேட்டரைத் தொட்டுப் பாரு."

வெதுவெதுப்பாக இருந்தது. செரன் அலமாரிக்குள் காதை வைத்தாள். எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

கோட்டைக் கழற்றாமலே தோட்டத்துக்குப் போனாள். இலைக்குவியலுக்கு முன் சற்று நேரம் குந்தியிருந்தாள். சுவர் காய்ந்திருந்தது. இலைகள் அசையவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா பைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தூங்குதா?"

"தூங்குது."

"எப்படித் தெரியும்?"

"எழுந்திருந்தா வந்து என்னைத் திட்டியிருக்குமே!"