மூன்று சாவி, ஒரு நட்டு

காலை ஏழு மணி. இரவு ரோந்து முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய இன்ஸ்பெக்டர், எரியும் கண்களோடு அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். களவு போனது ஒரே ஒரு பல்சக்கரம். பத்து மணிக்குப் பெரிய வியாபாரி தன் பொறியாளரோடு வருகிறார். புதிய கதிரடிக்கும் இயந்திரம் பல்சக்கரம் இல்லாமல் ஓடாது. ஓடாவிட்டால் ஒப்பந்தமும் இல்லை.

இயந்திரம் நின்ற கொட்டகையின் பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம்: முதலாளி, மகன், மகள். மறுபடியும் ஒரு குடும்பச் சண்டை என்று இன்ஸ்பெக்டருக்கு அலுத்துப்போனது.

"எடுத்தது என் பொண்ணுதான். அண்ணன் பேர்ல மிஷின் வந்தது அவளுக்குப் பொறுக்கலை. கூட்டிட்டுப் போங்க," என்றார் முதலாளி. இரண்டு கையாலும் பிடித்தும் டம்ளரிலிருந்த டீ பாதி மேசையில் சிந்தியது.

மேசையில் புதிதாக அச்சான கம்பெனி வரலாறு. தாத்தா கலப்பைக்குக் கொழு அடித்தார். முதலாளி விதைக்கும் கருவி செய்தார். கதிரடிக்கும் இயந்திரத்தை மகன் வடிவமைத்தான். மகளுக்கு ஒரு குடும்பப் படத்தின் அடியில் மட்டும் இடம் கிடைத்திருந்தது.

மகள் இயந்திரத்தருகே நின்றாள்.

"நேத்து எப்போ கிளம்புனீங்க?"

"இருட்டறதுக்கு முன்னாடி."

"பார்த்தவங்க?"

"யாருமில்லை."

"அண்ணனோட சண்டையா?"

"ஜெயிக்க முடிஞ்சாத்தானே சார் சண்டை போடணும். நான் எப்பவோ விட்டுட்டேன்."

மகன் குறுக்கிட்டான். "ராத்திரி இங்க விளக்கு எரிஞ்சுது சார். இவதான்."

"போய்ப் பார்க்கலையா?"

"நல்ல தூக்கம்."

இன்ஸ்பெக்டருக்குப் பொறாமையாக இருந்தது.

இயந்திரத்தின் கீழே, பல்சக்கரத்தை இறுக்கியிருந்த நட்டு உளியால் பிளந்து கிடந்தது. அதன் முனைகள் ஒரே பக்கமாக மழுங்கியிருந்தன. "திருடனுக்கு அவசரம்," என்றான் மகன். மூலையில் முதலில் செய்து பார்த்த சின்ன மாதிரி நின்றது. பாகங்கள் பெரியதற்குப் பொருந்தாது, அமைப்பு ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்பானரோடு அதனருகே சற்று நேரம் குனிந்திருந்தார். திரும்பியபோது உள்ளங்கையெல்லாம் கிரீஸ்.

"நீங்க செஞ்ச மிஷின்தானே? சின்னதுலயும் அதே நட்டு இருக்கு. கழற்றிக் காட்டுங்க," என்றார் மகனிடம்.

மகன் சிரித்துக்கொண்டே ஸ்பானரைப் பொருத்தி இடப்பக்கம் இழுத்தான். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தான். ஸ்பானர் வழுக்கியது.

"துருப் பிடிச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் ஸ்பானரை வாங்கி வலப்பக்கம் திருப்பினார். நட்டு கழன்றது.

"மத்த நட்டெல்லாம் இடப்பக்கம் திருப்பினா கழலும். இது தலைகீழ். மிஷின் ஓடும்போது தானா கழன்றுடக் கூடாதுன்னு இப்படி மரை வெட்டியிருக்காங்க. எடுத்தவருக்கு அது தெரியலை. தப்பான பக்கமே இழுத்து முனையை மழுக்கிட்டு, கடைசியில உளியால பிளந்துட்டார். தெரிஞ்சவங்களுக்கு உளி எதுக்கு? ஐயாவால டீ டம்ளரையே பிடிக்க முடியலை. மிச்சம் ஒரு சாவி. வர்ற பொறியாளர் பிரிச்சுக் காட்டச் சொன்னா உங்க வண்டவாளம் தெரிஞ்சுடும். மிஷின் ஓடலைன்னா கேள்வியே வராது. பழி தங்கச்சி மேல."

மகனுக்குப் பேயறைந்த முகம். "கார் டிக்கியில இருக்கு. மிஷின் அவ செஞ்சதுதான்," என்றான்.

முதலாளி எழுந்தார். "வீட்டு விஷயம் சார். புகார் வேண்டாம்."

"என்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்னப்போ அது வீட்டு விஷயமாத் தெரியலையாப்பா?" என்றாள் மகள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்ஸ்பெக்டரை வருத்தியது. "சாமானை எடுத்துட்டு வாண்ணா. எங்கிட்ட இன்னொரு நட்டு இருக்கு, நான் பூட்டித் தரேன். யார் செஞ்சதுன்னு கேட்டா மட்டும், இந்தத் தடவை அப்பா உண்மையைச் சொல்லணும்."

முதலாளி தலையாட்டினார்.

புகாரைத் திரும்பப் பெற எழுதி வாங்குவதற்குள் வியாபாரி வந்துவிட்டார். இயந்திரம் தங்கு தடையில்லாமல் ஓடியது. பொறியாளருக்கு வாயெல்லாம் பல். "யார் வடிவமைச்சது?"

முதலாளி மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"குடும்பமா சேர்ந்து செஞ்சதுங்க."

மகள் இயந்திரத்தை நிறுத்தினாள். கையைத் துணியில் துடைத்தாள். இன்ஸ்பெக்டரிடம் வந்து, "பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடறீங்களா சார்?" என்றாள். அவர் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

கொட்டகைக்குள்ளே பொறியாளர் மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "கொஞ்சம் பிரிச்சுக் காட்டறீங்களா?"