மூன்று கடிதங்களும் ஒரு சாப்பும்

வீல் என்று ஓர் அலறல்...

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கிரிதரன் திடுக்கிட்டார்.

ஞாயிறு. காலை எட்டு மணி. பத்து மணிக்கு மண்டபத்தில் அவருடைய சொற்பொழிவு. 'சர்வதேச சங்கம் ஏன் தோற்றது?' முதல் உலகப் போருக்குப் பின் நாடுகளின் சண்டையைத் தீர்க்க ஜெனீவாவில் கூடிய சங்கம். ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரியான கிரிதரன் அதன் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்.

படியில் இறங்கி ஓடினார்.

நாலாவது மாடிக்குக் கீழே, படித் திருப்பத்தில், அந்த மாடியில் குடியிருக்கும் மகதலேனா கிடந்தார். சர்ச் பூசைக்குக் கிளம்பிய வெள்ளைச் சேலை. தலைமாட்டில் ரத்தம்! மூச்சு மட்டும் இருந்தது.

"ஸ்லிப் ஆயிட்டாங்க அங்கிள்" என்றான் மேல்படியில் நின்ற லியோனல். மகதலேனாவின் பக்கத்து வீட்டுக்காரன். "லிஃப்ட்டும் ரெண்டு நாளா ரோசாக் லா, ஓடல."

ஆம்புலன்ஸ் போனது. இன்ஸ்பெக்டர் ராஜினி வந்தாள்.

"நீங்கதானே இங்க சமாதானக் கமிட்டி செக்ரட்டரி? இவங்க ஏதாச்சும் கம்ப்ளெயின் குடுத்தாங்களா?"

குடுத்தாங்களாவா... மூன்று கடிதங்கள்!

பொது நடைபாதையில் லியோனல் இரும்பு கிரில் போட்டு, மகதலேனாவின் வாசல் வரை வளைத்துக்கொண்டான். முதல் கடிதம் வந்தது. குடியிருப்போர் சச்சரவைத் தீர்க்க வேண்டிய கமிட்டி ஒரு விசாரணைக் குழு போட்டது. இரண்டாவது கடிதம் வந்தபோதும் குழு விசாரித்துக்கொண்டே இருந்தது. நாலு மாதம் கழித்து, லியோனல் செய்தது தப்பு என்றது.

ஆனால், எல்லோரும் ஒப்பினால்தான் தீர்மானம். ஜெனீவா சங்கத்தைப் பார்த்து கிரிதரனே பெருமையோடு எழுதிய விதி. லியோனலும் கமிட்டி உறுப்பினன்! மாட்டேன் என்றான், எழுந்து போய்விட்டான்.

போன வாரம் மூன்றாவது கடிதம். 'படியில் தள்ளிவிடுவேன் என்கிறான். பயமாக இருக்கிறது.'

மூன்றிலும் கிரிதரன் சிவப்பு மையில் 'கே.ஐ.வி.' என்று எழுதினார். பார்வையில் வைக்கவும்... அரசாங்க ஆபீசில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒன்றும் செய்யாதே.

இதைச் சொன்னால் ஊர் காறித் துப்பும்.

"ஒண்ணும் வரலயே" என்றார்.

ராஜினி அவரையே பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அங்கிள்."

"இல்லம்மா."

லியோனல் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கிரிதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தார். கடிதங்களைக் கிழிக்க மேசை இழுப்பறையைத் திறந்தார். மேசையில் சொற்பொழிவின் கடைசிப் பக்கம்...

'மஞ்சூரியாவில் ஜப்பான் புகுந்தது சங்கத்துக்குத் தெரியும். தெரிந்தும் விசாரித்துக்கொண்டே இருந்தது. வெட்கம் கெட்ட சபை!'

அவருடைய கையெழுத்துதான். அவமானத்தில் காது சுட்டது. கிழிக்கக் கை வரவில்லை. மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார்.

"பொய் சொல்லிட்டேன்மா... எனக்கு எல்லாம் தெரியும். நான்தான் சும்மா இருந்துட்டேன்."

லியோனலின் முகம் வெளுத்தது. கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்தார்.

ராஜினி கடிதங்களைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினாள். மகதலேனாவின் கைப்பையில் கிடைத்தது... மூன்றாவது கடிதத்தின் நகல்!

அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று நீல நிற முத்திரைச் சாப்பு, தேதி, கிரிதரனின் கையெழுத்து. பக்கத்தில் சிவப்பு மையில் கே.ஐ.வி.

முப்பத்து மூன்று வருட ஆபீஸ் பழக்கம்! கடிதம் வாங்கினால், கொடுத்தவரின் நகலில் சாப்பு குத்தித் தராமல் அவருக்குத் தூக்கம் வராது. கமிட்டிக்கென்று புதிதாக ரப்பர் சாப்பே செய்து வைத்திருந்தார்.

"இத கையில வச்சுக்கிட்டுதான் உங்கள கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். நீங்க இறங்கி வராம இருந்தா, உங்களையும் லியோனலோட ஒரே வண்டியில ஏத்தியிருப்பேன்."

கிரிதரன் தலை குனிந்தார். "அவங்க..."

"கண்ணு முழிச்சுட்டாங்களாம். வாங்க, ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கணும்."

"பத்து மணிக்கு லெக்சர் இருக்கு..." வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ராஜினி கார்க் கதவைத் திறந்தாள்.

"அத கே.ஐ.வி.ல போடுங்க அங்கிள்."