இரண்டாம் நாற்காலியின் தட்டு

யோகேஸ்வரி கூலாயிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். ஜொகூர் பாருவில், ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ராஜசேகரனின் துப்பறியும் அலுவலகம். அங்கே உதவியாளராக இருந்த கஸ்தூரிக்குப் புது வழக்கென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் கலக்கிக் கொடுத்த மைலோவைத் தொடாமல் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அந்த உற்சாகமெல்லாம் எங்கே போனதோ.

யோகேஸ்வரி வேலை பார்த்தது கடலோரத்தில், பதினெட்டாவது மாடியிலுள்ள நவீன பிரிட்டிஷ் உணவகத்தில். தட்டு நிறையப் பீங்கான், நடுவில் கையளவு சாப்பாடு என்று பரிமாறுகிற ரகம். மூன்று நாளைக்கு முன் மதியம், வள்ளியப்பன் என்பவர் மனைவி விசாலி ஆச்சியுடன் திருமண நாள் விருந்துக்கு வந்திருக்கிறார். இருவரும் ஒரே சியாக்காப் மீனைக் கேட்டார்கள். மீன்மேல் வால்நட் தூவியிருக்கும். விசாலிக்கோ நட்ஸ் ஆகாது. மேசையில் இரண்டே நாற்காலிகள். முதலாவது, கடற்பாலம் தெரியும் ஜன்னலைப் பார்த்தது, இரண்டாவதின் முதுகு ஜன்னல் பக்கம். 'இரண்டாம் நாற்காலி, நட்ஸ் வேண்டாம்' என்று எழுதிச் சமையலறைக்கு அனுப்பினாள் யோகேஸ்வரி.

சமையலறையில் அந்தத் தட்டுக்கு மட்டும் ரொட்டித்தூளை வறுத்துத் தூவினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அடையாளத்துக்கு மீனில் ஒரு மெல்லிய குச்சி குத்துவார்கள். விஜயன் என்ற பணியாளர் நம்பர் பார்த்து வைத்துவிட்டுப் போனார். பாதிச் சாப்பாட்டில் விசாலிக்குத் தொண்டை வீங்கிவிட்டது. இன்னும் கண் திறக்கவில்லை.

சமையலறையில் தவறில்லை, விஜயனும் சரியான நாற்காலிக்குத்தான் வைத்தேன் என்று சத்தியம் செய்கிறார். மிச்சம் யார்? எழுதியவள்தான். நம்பரை மாற்றி எழுதிவிட்டாள் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். வள்ளியப்பன் போலீசில் ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டார்.

"வேலை போனாப் போகுது சார். அந்த ஆச்சியை நான்தான் இப்படி ஆக்கிட்டேனா, அது மட்டும் எனக்குத் தெரியணும்" என்றாள்.

எழுதும்போது ஆச்சி எங்கே இருந்தார் என்று ராஜசேகரன் மெதுவாகக் கேட்டார்.

"ஜன்னலுக்கு முதுகு காட்டி. பின்னால வெளிச்சம் அடிச்சதுல முகமே சரியாத் தெரியல. குனிஞ்சு கேட்டுத்தான் எழுதினேன்."

மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் கஸ்தூரி விஜயனையே சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தாள். பொறாமையாக இருக்கலாம், வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கலாம் என்று அடுக்கினாள். ராஜசேகரன் 'ம்' கொட்டியபடி காரை ஓட்டினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வள்ளியப்பன் கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கேட்க ஆள் கிடைத்ததும் மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"பாலத்துல லாரிங்க ஊர்ந்து போறதைக் காட்டிக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அப்படியே தொண்டையைப் பிடிச்சுக்கிட்டா. எவ்வளவு அலட்சியம் தெரியுமா அந்தக் கடையில? பல் குத்துற குச்சியைச் சாப்பாட்டுல குத்தி அனுப்புறாங்க. என் மீன்ல இருந்ததை நான்தான் பிடுங்கிப் போட்டேன்."

கஸ்தூரி சட்டென்று நிமிர்ந்தாள். ராஜசேகரன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆர்டர் குடுத்த பிறகு நீங்க ரெண்டு பேரும் இடம் மாறினீங்களா?"

"ஆமா, அதுக்கென்ன? அப்பத்தான் கவனிச்சேன், அவ வடக்கப் பாத்து உக்காந்திருந்தா. எங்க வீட்டுல வடக்கப் பாத்து யாரும் சாப்பிட மாட்டோம், உடம்புக்கு ஆகாதும்பாங்க. அவளை என் இடத்துல உக்கார வச்சேன். எனக்கு வந்தா வரட்டும்னு நான் அங்க உக்காந்துக்கிட்டேன்."

ராஜசேகரன் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தவர் பாலத்து லாரியைப் பார்த்திருக்க முடியாது. பரிமாறுகிறவருக்கு நாற்காலி நம்பர்தான் தெரியும், யாருக்கு எது ஆகாது என்பது தெரியாது. அந்தக் குச்சி பல் குத்த வைத்ததல்ல, நட்ஸ் இல்லாத தட்டுக்கு அடையாளம். வைக்கும்போது ஒரு வார்த்தை கேட்காதது உணவகத்தின் தவறுதான்.

"ஆனா அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கா. ஆச்சிக்குச் செஞ்ச மீனை நீங்க சாப்பிட்டிருக்கீங்க."

வள்ளியப்பன் தன் கைகளையே பார்த்தார். அழுவார் என்று கஸ்தூரி நினைத்தாள். அவர் அழவில்லை. ரிப்போர்ட்டை இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுவதாக, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்து, விசாலி கண் விழித்துவிட்டதாகவும் அவரைத் தேடுவதாகவும் சொன்னார். எழுந்தவர் இரண்டடி நடந்து, கதவருகே அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

கஸ்தூரி படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி யோகேஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"நீ இல்லம்மா. நீ எழுதினது சரிதான். ஆச்சியும் கண்ணு முழிச்சிட்டாங்க."

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. அது ஓய்ந்ததும் யோகேஸ்வரி கேட்டாள், "அப்ப யாரு, அக்கா?"

கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். வள்ளியப்பன் இன்னும் உள்ளே போகவில்லை.

"யாருமில்ல" என்றாள்.