அரிக்காத தடிப்பு

இடது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள் எழும்பியிருந்தன, ஒன்றுகூட அரிக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. விடுதியின் சலவைக்கூடத்தில் இரவெல்லாம் நீராவியிலும் சோப்பு நெடியிலும் நின்று, ஈரம் உலராத படுக்கை விரிப்புகளை உதறி மடித்து, மறுபடி உதறி மடித்து, இடுப்பொடிய வீடு வந்து விழுந்தவள், நடுப்பகல் வெளிச்சம் கண்ணைக் குத்த விழித்தபோதுதான் அவற்றைப் பார்த்தாள்.

"மூட்டைப்பூச்சியா இருக்கும்," என்றான் கணவன். டாக்ஸி ஓட்டுகிறவன், பயணிகளிடம் பேசிப் பேசியே ஆங்கிலம் பழகியவன். "மருந்துக்கடைல போய் 'சம்திங் பிட் மீ'ன்னு சொல்லு. கடிச்சா பைட். தேனீ, குளவி கொட்டினா ஸ்டிங். மாத்திச் சொல்லிடாதே."

"அரிக்குதான்னு கேட்டா?"

"'இட் இட்ச்சஸ்'னு சொல்லு. அப்பதான் களிம்பு குடுப்பாங்க."

"அரிக்கலையேங்க. உங்களைக் கடிக்கலையா?"

"என்னைக் கடிச்சா அதுவும் தூங்கிப்போயிடும். போயிட்டு வா தாயே, ராத்திரி பூரா வண்டி ஓட்டியிருக்கேன்."

அந்த வாக்கியங்களை முணுமுணுத்தபடியே நடந்தாள். கால்கள் ஈயமாய்க் கனத்தன. மருந்துக்கடைக்கார அம்மாளிடம் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். அந்த அம்மாள் சிரித்த முகத்துடன்தான் கையை விளக்கடியில் இழுத்துப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு தடிப்பின் நடுவிலும் ஊசிமுனை அளவு துளை. துளையின் ஓரத்துத் தோல் வெளிப்பக்கமாக மடிந்திருந்தது.

கையை விட்டுவிட்டு அவர் கையுறை மாட்டிக்கொண்டார்.

"நாட் எ பைட்."

"ஸ்டிங்?"

அதற்கும் இல்லையென்று தலையசைத்தார். "நாட் இன்," என்றார். பிறகு, மிக மெதுவாக, "அவுட்."

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். சலவைக்கூடத்தில், வெளுத்த துணி வெளியே போகும் கதவில் எழுதியிருக்கும்.

அந்த அம்மாள் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். 'வேர்' புரிந்தது. 'நவ்' புரிந்தது. போதும்.

வெளியே வந்தவை இப்போது எங்கே?

களிம்பு வாங்கவில்லை. ஓடினாள். சாவி கைநழுவி விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது.

படுக்கையறையில் திரை இழுத்து மூடியிருந்தது. சட்டையில்லாமல் மல்லாந்து கிடந்தான் கணவன். மார்பைப் பார்த்தாள். தோள்களைப் பார்த்தாள். ஒரு தடிப்புகூட இல்லை. அப்பாடா என்று கதவில் சாய்ந்தாள்.

அவன் கழுத்தில் தோல் லேசாக உயர்ந்தது.

உயர்ந்த இடம் நகர்ந்தது. தாடை. கன்னம். அவசரமே இல்லாமல். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

"என்னங்க…"

"ம்… மருந்து கிடைச்சுதா?" தூக்கக் கலக்கத்தில் கேட்டான். "அசதியா இருக்குடி. நீயும் வந்து படு."

கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளின் நடுவே, மயிரோடு மயிராக, மெல்லிய கறுப்புக் கால் ஒன்று நீண்டு காற்றைத் தடவிப் பார்த்தது.