ஆறு வாரம் வெயில் படக் கூடாது

டெலிபோன் அடித்தபோது நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் இருபத்தேழு. எங்கள் பக்கம் நடுக்கோடை. வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணி.

என் அக்கா நெரிடா. அவள் இருக்கிற கடலோர ஊர் போவனிலிருந்து.

"மார்கோ, ஒரு அதிசயம் சொல்லட்டா? உங்க அத்தான் திருந்திட்டாரு."

"குடிய விட்டுட்டாரா?"

"அது நடந்தா அதிசயம் இல்லடி, உலகம் அழியப்போகுதுன்னு அர்த்தம். இது வேற. சன்ஸ்கிரீன் பூசிக்கிறாரு... தானாவே."

எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

எங்கள் அப்பா கரும்புத் தோட்டத்தில் சட்டை போடாமல் வேலை பார்த்தவர். தோல் புற்றுநோய் ஐம்பத்தோரு வயதில் அவரைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து நெரிடாவுக்கு வெயில் என்றால் எதிரி. கல்யாணமான முப்பது வருடமும் கணவர் வார்விக்கின் பின்னாலேயே தொப்பியும் டியூபுமாக ஓடியிருக்கிறாள். அவர் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. படகு, மீன், பனியன். தோல் காய்ந்த புகையிலை மாதிரி இருக்கும்.

இப்போது ஒரு மாதமாக முழுக்கைச் சட்டையாம். விடிவதற்கு முன்பே மீன் பிடிக்கப் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறாராம்.

"கிறிஸ்துமஸுக்கு மூணு முழுக்கைச் சட்டை எடுத்துக் குடுத்தேன். சின்னப் பையன் மாதிரி உடனே போட்டுக்கிட்டாரு. எங்கேயாவது பூச விட்டுட்டா நான் பூசிவிடறேன். அந்த இடது கையில மட்டும் ரெண்டு தடவ."

இடது முன்கையில் அவள் பெயர் இருந்தது. இருபத்தாறு வயதில் பச்சை குத்திக்கொண்டது. 'நெரிடா' என்று நீல எழுத்து, கீழே ஒரு மீன்.

"வெயில் பட்டுப் பட்டு எம் பேரு பாதி மங்கிப் போச்சுடி. இனிமேலாவது மிச்சம் நிக்கும்ல?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இறால் அடுப்பில் இருக்கிறது, வைக்கிறேன் என்றாள்.

அவள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

ஞாயிறு காலை. ஏழு மணி.

மறுபடியும் டெலிபோன்.

இந்த முறை வார்விக்.

"மார்கோ... நெரிடா..."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பக்கத்திலிருந்த யாரோ போனை வாங்கி எனக்குச் சொன்னார்கள். கடலில் போட்ட நண்டுக் கூண்டைத் தூக்க இருவரும் போயிருக்கிறார்கள். இருட்டு. அலை ஒன்று படகை ஆட்டியிருக்கிறது. எழுந்து நின்ற அக்கா தடுமாறி விழுந்து, எஞ்சினில் தலை இடித்து, தண்ணீருக்குள் போய்விட்டாள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

நான் இருக்கும் டவுன்ஸ்வில்லிலிருந்து போவனுக்கு இருநூறு கிலோமீட்டர். எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

போலீஸ் சார்ஜென்ட் பவாரோ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். லைஃப் ஜாக்கெட் போடாமல் போகிற பழக்கம் உண்டா? இல்லை என்றேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை வாரம், அசட்டையாக இருந்திருக்கலாம். கணவன் மனைவிக்குள் சண்டை உண்டா? சன்ஸ்கிரீன் விஷயத்தில் மட்டும், அதுவும் தீர்ந்துவிட்டது என்றேன்.

அவர் நோட்டை மூடிவிட்டார்.

விபத்து.

அடக்கத்தன்று முப்பத்தாறு டிகிரி. பாதிரியாரே கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். வந்திருந்த ஆண்கள் எல்லாம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார்கள்.

வார்விக் மட்டும் மணிக்கட்டில் பொத்தான் மாட்டிய முழுக்கைச் சட்டையில் நின்றார்.

அவள் வாங்கிக் கொடுத்த சட்டை.

அதைப் பார்த்துத்தான் நான் உடைந்து அழுதேன். போன பிறகும் அவள் பேச்சைக் கேட்கிறாரே என்று.

பள்ளிக்கூடம் விடுமுறை. அங்கே நூலகம் பார்க்கிற எனக்கு வேறு வேலை இல்லை. வார்விக்குக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு போவனிலேயே தங்கினேன். செவ்வாய்க்கிழமை, ஜனவரி ஏழாம் தேதி, நெரிடாவின் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். வார்விக் குளிக்கப் போயிருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் அவருடைய செல்போன் அடித்தது.

ஆறுதல் சொல்லத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தேன்.

டவுன்ஸ்வில்லில் ஒரு லேசர் கிளினிக். செலஸ்ட் என்ற நர்ஸ். வார்விக் குளிக்கிறார், நான் அவர் மனைவியின் தங்கை என்றேன். குரல் உடனே கனிந்தது. வியாழக்கிழமை பத்தேகாலுக்கு நேரம், ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன் என்றாள். முதல் நாளே அந்த இடத்தை ஷேவ் செய்துவிட வேண்டும். கிரீம், சென்ட் எதுவும் கூடாது. தோல் இன்னும் கறுத்திருந்தால் டாக்டர் லேசர் வைக்க மாட்டார், கொப்புளம் வந்துவிடும்.

"எந்த இடம்?" என்றேன்.

"இடது முன்கைங்க. அந்தப் பச்சை... முதல் தடவ வந்தப்ப வெயில்ல கருகின தோலா இருந்துச்சு. அன்னைக்கே எடுத்துடுங்கன்னு கெஞ்சினாரு. ஆறு வாரம் வெயிலே படக் கூடாதுன்னு அனுப்பிட்டோம்."

ஆறு வாரக் கணக்கு எனக்கு உடனே உறைக்கவில்லை. அவர் கெஞ்சியதை நான் துக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். சிலருக்குப் பெயரைப் பார்க்கக்கூடத் தாங்காது.

"அவ போயி ஒம்பது நாள்தான் ஆகுது..." என்றேன்.



மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"ஒம்பது நாளா?... இல்லீங்களே. அவரு முதல்ல வந்தது நவம்பர் இருபத்தஞ்சு. எதுக்கு எடுக்கறீங்கன்னு படிவத்துல கேட்டிருப்போம். 'மனைவி இறந்துவிட்டாள், பார்க்கத் தாங்கவில்லை'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டிருக்காரு. நாந்தான் கண்ணத் தொடைக்க டிஷ்யூ குடுத்தேன்."

நவம்பர் இருபத்தைந்து.

என் பிறந்த நாள்.

அன்று மத்தியானம் வார்விக் என் வீட்டு வாசலில் ஒரு பெட்டி மாம்பழத்தோடு நின்றான். எஞ்சினுக்குப் பாகம் வாங்க டவுன்ஸ்வில் வந்தேன், நெரிடா கொடுத்துவிட்டாள் என்றான். பெட்டிக்குள் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. 'எண்ணிச் சாப்பிடு. வயசாகுது.'

இறந்துபோனவள் எழுதிய சீட்டு!

குளியலறையில் தண்ணீர் நின்றது.

நான் நர்ஸுக்கு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, அக்காவின் ரவிக்கை ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

வார்விக் இடுப்பில் துண்டோடு வந்தான். ஆறு வாரமாக வெயில் படாத கை. கறுப்பு உரிந்து வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் அவள் பெயர் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"யாரு போன்ல?"

"ஏதோ கிளினிக். வியாழக்கிழமைய ஞாபகப்படுத்தினாங்க."

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"மச்சம் ஒண்ணு... காட்டலாம்னு. நெரிடா சொல்லிட்டே இருந்தா."

"நல்லது. போயிட்டு வாங்க. அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்."

ரவிக்கையை நாலாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தேன். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

பால் வாங்கவில்லை.

பவாரோ முழுவதையும் கேட்டுவிட்டு, பெயரை அழிப்பது குற்றமில்லை என்றார். படிவம் வேண்டும், தேதி வேண்டும், இரண்டு நாள் எதுவும் தெரியாதவள் மாதிரி இருக்க முடியுமா என்றும் கேட்டார்.

இருந்தேன். அவனுக்குச் சோறு போட்டேன். புதன்கிழமை மாலை அவன் கையை ஷேவ் செய்கிற சத்தம் குளியலறையிலிருந்து கேட்டது. தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வியாழன். பத்தேகால்.

பின்னால் பவாரோதான் எனக்குச் சொன்னார். வார்விக் சட்டைக் கையை மடித்துக்கொண்டே டாக்டர் அறைக்குள் நுழைந்தான். நாற்காலியில் டாக்டர் இல்லை.

"சொன்னபடி தயாராத்தான் வந்திருக்கீங்க," என்றார் பவாரோ. "உட்காருங்க. ஒரே ஒரு தேதியில எனக்குச் சந்தேகம்."

படிவத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார்.

வார்விக் அந்தத் தேதியைப் பார்த்தான். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் பொய் சொல்ல மெனக்கெடவில்லை.

மெக்கே என்ற ஊரில் ஒரு பெண். இன்னொருத்தி பெயர் எழுதிய கையோடு என் வீட்டுக்குள் வராதே என்றிருக்கிறாள். நெரிடா அவனோடு படகில் போவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அவளை அவன் டிசம்பர் முதல் தேதி, முதல் ஞாயிறன்றே முடித்துவிட நினைத்திருக்கிறான். படிவம் எழுதும்போது இன்னும் ஆறு நாள்தானே, அதற்குள் உண்மையாகிவிடும் என்ற கணக்கு. ஆனால் காற்று. அந்த ஞாயிறு படகு இறக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும். அதற்கடுத்ததும். நாலு ஞாயிறு காற்று அவனை விடவில்லை. ஐந்தாவது ஞாயிறு விட்டது.

அந்த நாலு வாரத்தில்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

கடைக்குப் போய் டியூப் டியூபாக வாங்கினாள். மூன்று சட்டைக்கு இஸ்திரி போட்டாள். தன் பெயரை அழிப்பதற்கான தோலைத் தன் கையாலேயே தயார் செய்தாள், அந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை பூசி.

அந்த வெள்ளிக்கிழமை டெலிபோனில் நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். முப்பது வருடம் கேட்காதவர் இப்போது ஏன் கேட்கிறார் என்று. கேட்கவில்லை. அவள் அவ்வளவு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுள் தண்டனை.

தீர்ப்பு நாளில் அரைக்கைச் சட்டையோடு அழைத்து வந்தார்கள். கையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தான். விலங்கு விடவில்லை. நான் இருந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

சிறைக்குள் வெயில் அதிகம் படாது என்கிறார்கள். நர்ஸ் சொன்ன ஆறு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது.

தோல் தயார்... லேசர்தான் அங்கே இல்லை.