தொப்பி போட்ட கத்திரிப்பூக்கள்

குப்பண்ணன் தோட்டத்தில் ஒன்பது கத்திரிப்பூக்கள் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. வழியில் போகிறவர்கள்கூட நின்று சிரித்துவிட்டுத்தான் போனார்கள்.

“ஏனுங்க, பூவுக்குச் சளி புடிச்சுக்குங்களா?” என்று கேட்டார் ஒருவர்.

குப்பண்ணனின் மகள் செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஐந்தாம் வகுப்பு. அந்தத் தொப்பிகளின் கதை அவளுக்குத் தெரியும்.

போன கோடையில் கிணறு வற்றிவிட்டது. அவர்கள் ஊரான வடகரப்பதியில் நட்ட கத்திரி முழுவதும் கருகிப் போனது. ஆனால் வேலியோரம் தானாக முளைத்த ஒரு காட்டுக்கத்திரி மட்டும் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே பூத்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பின்சி அக்கா தேடி வந்தார். ஒரு வருடமாக அந்தச் செடியைச் சோதித்துப் பார்த்தார்.

“தாகம் தாங்குற குணம் இதோட மரபணுவுல இருக்கு பிள்ள. மகரந்தம் வழியா அது நம்ம கத்திரிக்குள்ள வந்துட்டா, பொறக்கப்போற செடியும் தாங்கும்” என்று பிரியாவிடம் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை, மலரப்போகும் ஒன்பது கத்திரி மொட்டுகளைப் பிரித்து, அவற்றின் சொந்த மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு மகரந்தம் விழாதபடி தொப்பி மாட்டினார். திங்கள் காலை காட்டுக்கத்திரியின் மகரந்தத்தை அவற்றில் வைக்க வேண்டும். இடையில் அவருடைய தம்பியின் நிச்சயதார்த்தம். சித்திரபுரம் போய்விட்டு ஞாயிறு இரவு திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவருடைய குரல் மட்டும் போனில் வந்தது.

“பிரியா, நேத்து மறையூர் ரோட்டுல ஆனைக் கூட்டம் வழி விடலட்டி. பஸ்ஸத் திருப்பிட்டாவ. நான் வந்து சேர மத்தியானம் ஆயிரும். அதுக்குள்ள வெயில்ல பூ வாடிரும். நீதான் பக்கத்துல நின்னு எல்லாம் பாத்திருக்கியே, வச்சிருதியா?”

“வெச்சர்றனுங்க அக்கா!”

பிரியா வேலிக்கு ஓடினாள். வேலியோரம் மொட்டை அடித்தது போலச் சுத்தமாக இருந்தது.

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். “பாத்தியா அம்மிணி? பாவம், மேடம் தெனமும் புதருக்குள்ள பூந்து பூந்து வாராங்க. நேத்துக் காலைல எல்லாத்தையும் வெட்டிப்போட்டேன்.”

அப்பாவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“அப்பா, மேடம் தேடி வந்ததே அந்தச் செடியத்தானுங்கப்பா.”

குப்பண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ சாமி! தொப்பி போட்ட செடிதான் ஒசத்தின்னு நெனச்சுப்போட்டனே! இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவங்களப் பாக்கறது? வேற எங்கயாச்சும் அந்தச் செடி கெடைக்குமா?”

“கெடைக்குமுங்க. ஆனா அதெல்லாம் சோதிச்சுப் பாக்காத செடிங்கப்பா.”

அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கிணறு வற்றிய அன்றுகூட அவர் இப்படி உட்கார்ந்து பிரியா பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டாள்.

“வெட்டுனத எங்கீங்கப்பா போட்டீங்க?”

“ஆட்டுப்பட்டிக்குப் பொறத்தால. ஒரு பகலு, ஒரு ராத்திரி ஆச்சே கண்ணு. காஞ்சுபோயிருக்கும்.”

பிரியா ஓடினாள். குவியலில் இருந்த தழையெல்லாம் தொட்டால் நொறுங்கியது. கையில் முள் ஏறியதைக்கூடப் பார்க்காமல் கிளறினாள். அடியிலிருந்து ஒரு காட்டுக்கத்திரிக் கிளை வந்தது. இலைகள் துவண்டு தொங்கின.

ஆனால் கிளையின் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு பூ மலர்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று.

பிரியா கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கிளைக்கு வேர் இல்லை. தண்ணீர் இல்லை. ஒரு முழு நாள் வெயிலில் கிடந்திருக்கிறது. அப்படியும் விடிந்ததும் பூத்திருக்கிறது! யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதற்கு? அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“அப்பா! பூத்திருக்குதுங்கப்பா!”

குப்பண்ணன் ஓடி வந்தார். பூவைப் பார்த்தார். வெட்டிய தன் கைகளையும் பார்த்தார்.

பிரியா சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பூவின் மஞ்சள் நிற மகரந்தப் பைகளை மெல்லத் தட்டினாள். கட்டைவிரல் நகத்தில் துளித்துளியாகத் தூள் விழுந்தது. ஒரு சிட்டிகைகூட இருக்காது. காற்று வந்துவிடுமோ என்று இன்னொரு கையால் பொத்திக்கொண்டு நடந்தாள்.

அப்பா ஒவ்வொரு தொப்பியாகக் கழற்றினார். அவள் பூவின் நடுவே நீண்டிருந்த பச்சைக் குமிழில் நகத்தைத் தொட்டு எடுத்தாள். அப்பா மறுபடி தொப்பியை மாட்டினார். ஒன்பதும் முடிந்தபோது இருவருக்கும் வியர்த்திருந்தது.

மத்தியானம் பின்சி அக்கா வந்து இறங்கியதும் குப்பண்ணன் தானே முன்னால் போய் நின்றார்.

“நாந்தானுங்க மேடம் வெட்டுனேன்.” நடந்ததை எல்லாம் சொல்லிக் கிளையை நீட்டினார்.

பின்சி அக்கா அந்தப் பூவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அண்ணாச்சி, ஒரு வருசமா இதச் சோதிக்கேன். இப்பிடி ஒரு சோதன எனக்குத் தோணவே இல்லயே!”

ஒன்பது பூவில் ஆறு உதிர்ந்துவிட்டன. மூன்று காய்த்தன. அவற்றின் விதையில் முளைத்த செடிகள், மறு வருடம் பங்குனியில், சாதாரணக் கத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வரிசையாக வளர்ந்து நின்றன. பின்சி அக்கா இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்தினார்.

பத்தாம் நாள் மூவரும் போய்ப் பார்த்தார்கள். சாதாரணச் செடிகள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. பிரியாவின் வரிசை மட்டும் இலை விரித்து நின்றது.

“காய் இப்பக் கசக்கும். நல்ல கத்திரியோட இன்னும் நாலஞ்சு தலைமுறை சேக்கணும்” என்றார் பின்சி அக்கா. “ஆனா தாகம் தாங்குற குணம் வந்துருச்சு.”

குப்பண்ணன் குனிந்து ஓர் இலையைத் தொட்டார். “அம்மிணி, அன்னைக்கு உன் நகத்துல இருந்த தூளுல என்ன தெரிஞ்சுது?”

“ஒண்ணுமே தெரியலீங்கப்பா. மஞ்சளா இருந்துச்சு. ஊதுனாப் பறந்திரும்.”

“அதுக்குள்ளயா இத்தன தெம்பு!”

அன்று மாலை வரை, வழியில் போன ஒருவரையும் அவர் விடவில்லை. கையைப் பிடித்துத் தோட்டத்துக்குள் இழுத்துவந்து, அந்த வரிசையைக் காட்டி, முதலில் இதைத்தான் சொன்னார்:

“எம்பொண்ணு வெச்சதுங்க!”